புது பார்ட் மாட்டியதும் கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லையா? கடைசியாகக் கை வைத்த இடத்திலிருந்து தேடுங்கள்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எனக்கு வரும் போன் பெரும்பாலும் ஒரே ரகம். சனிக்கிழமை வயலட் லைன் மெட்ரோ பிடித்து டெல்லியின் கம்ப்யூட்டர் சந்தையான நேரு பிளேஸ் போய் ஒரு ரேமோ, கிராஃபிக்ஸ் கார்டோ, எஸ்எஸ்டியோ வாங்கி வந்திருப்பார்கள். ஞாயிறு காலை வீடியோ பார்த்து மாட்டியிருப்பார்கள். இருட்டுவதற்குள் பயம் வந்துவிடும். போன மாதம் மயூர் விஹாரிலிருந்து ஒரு கல்லூரிப் பையன், "அங்கிள், போர்டு எரிஞ்சு போச்சுன்னு நினைக்கிறேன்" என்றான். குரலில் அழுகை இருந்தது. எதுவும் எரியவில்லை. புது கிராஃபிக்ஸ் கார்டு மாட்டிவிட்டு, மானிட்டர் கேபிளைப் பழைய இடத்திலேயே செருகி வைத்திருந்தான்.

டெல்லியில் தெரிந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இருபது வருடமாகக் கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுக்கிறேன். அந்த அனுபவத்தில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். நேற்று வரை ஓடிய கம்ப்யூட்டர் இன்று பார்ட் மாற்றியதும் நின்றால், கோளாறு நீங்கள் இன்று கை வைத்த இடத்திலோ, கை பட்டு அசைந்த இடத்திலோதான் இருக்கும். அதனால் முதல் வேலை, புதியதைக் கழற்றிப் பழையதை மாட்டிப் பார்ப்பது. பழையதில் ஓடினால் தேட வேண்டிய இடம் சுருங்கிவிடும். பழையதிலும் ஓடவில்லையா, வழியில் வேறு ஏதோ கழன்றிருக்கிறது. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றிவிட்டால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

கவரைப் பிரிக்கும் முன்

விண்டோஸில் ஷட்டவுன் கொடுத்து, சுவரில் சுவிட்சை அணைத்தால் போதாது. பிளக்கையே உருவி எடுங்கள். இங்கே பழைய குடியிருப்புகளில் சுவர் பாயிண்ட்டில் லைவும் நியூட்ரலும் இடம் மாறிக் கிடப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தால் சுவிட்ச் அணைந்திருந்தாலும் லைவ் கம்பி எஸ்எம்பிஎஸ் (கேபினெட்டுக்குள் எல்லா பார்ட்டுக்கும் கரண்ட் கொடுக்கும் பவர் பெட்டி) வாசல் வரை வந்து நிற்கும். இன்னொன்று, கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும், பிளக் இருக்கிற வரை எஸ்எம்பிஎஸ் போர்டுக்கு 5 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். பல மதர்போர்டுகளில் ஒரு சின்ன விளக்கு எப்போதும் எரிவது அதனால்தான். அந்த நிலையில் ரேமை உருவினால் ரேமும் போகலாம், போர்டும் போகலாம். பிளக்கை எடுத்த பிறகு பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். தேங்கி நின்ற மின்சாரம் வடிந்து அந்த விளக்கு அணையும். அதற்கு அப்புறம்தான் உள்ளே கை போக வேண்டும்.

எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் யாரும் திறக்காதீர்கள். வீட்டு 230 வோல்ட் ஏசி உள்ளே டிசியாகும்போது சுமார் 325 வோல்ட் ஆகிறது. பவர் ஃபாக்டர் சரிசெய்யும் சர்க்யூட் உள்ள பெட்டிகளில் 380, 400 வோல்ட் வரை ஒரு பெரிய கெப்பாசிட்டரில் நிற்கும். பிளக்கை எடுத்த பிறகும் அது கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கும். ஃபேன் சத்தம் போடுகிறது, தூசி அடைத்திருக்கிறது என்று திறந்து கை சுட்டுக்கொண்டவர்களைத் தெரியும். அது கெட்டால் பெட்டியோடு மாற்றுவதுதான் வழி.

அடுத்தது நிலைமின்சாரம். சென்னையில் கம்ப்யூட்டர் பிரித்துப் பழகியவர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அங்கே காற்றில் ஈரம் அதிகம், கையில் மின்னூட்டம் தங்காது. டெல்லி அப்படியில்லை. ஜனவரியில் ஸ்வெட்டரைக் கழற்றினால் படபடவென்று பொறி பறக்கும். மே மாதம் லூ என்னும் அனல் காற்று வீசும்போது கார் கதவைத் தொட்டாலே சுரீர் என்கிறது. அந்தச் சுரீர் நமக்குத் தெரிய வேண்டுமானால் ஏறக்குறைய 3000 வோல்ட் வேண்டும். சிப் கெட்டுப்போக அதில் சிறு பங்கே போதும். அதாவது நமக்கு ஒன்றுமே தெரியாமல் ரேம் செத்துப்போகலாம், அல்லது பாதி உயிரோடு இருந்து மூன்று மாதம் கழித்துத் தொல்லை கொடுக்கலாம்.

அதனால் கம்பளி உடையைக் கழற்றிவிட்டுப் பருத்திச் சட்டையோடு உட்காருங்கள். ரஜாய் (பஞ்சு மெத்தைப் போர்வை) மீதோ கார்ப்பெட் மீதோ வேலை வேண்டாம். வெறும் தரை, மர மேஜை நல்லது. பார்ட்டைக் கவரிலிருந்து எடுக்கும் முன்பும், எழுந்து போய் வந்த ஒவ்வொரு முறையும், கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொடுங்கள். பிளக் எடுத்துவிட்டதால் அது எர்த் ஆகாதே என்று சிலர் கேட்பார்கள். உங்களுக்கும் கேபினெட்டுக்கும் இடையே உள்ள வோல்ட் வித்தியாசம் போவதுதான் முக்கியம், அது தொட்டாலே போய்விடும். மணிக்கட்டில் கட்டும் ஆன்ட்டி ஸ்டேட்டிக் பட்டையையும் அந்த இரும்பிலேயே கிளிப் செய்யலாம். பார்ட்டை எப்போதும் விளிம்பில் பிடியுங்கள். அது வந்த பளபளக்கும் கவருக்கு மேலே போர்டை வைத்து ஆன் செய்யாதீர்கள். அந்தக் கவரின் வெளிப்புறம் மின்சாரம் கடத்தக்கூடியது. போர்டு வந்த அட்டைப்பெட்டி மேல் வைத்துச் சோதிப்பது பத்திரம்.

பிரிக்கும் முன் மொபைலில் உள்ளே நாலு கோணத்தில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஒயர் எங்கே இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல ஞாபகம் கிடையாது.

கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்கிறது

இதைப் புது பார்ட்டோடு சம்பந்தப்படுத்தித்தான் கேட்பார்கள், ஆனால் சம்பந்தமே இருக்காது. ஆர்.கே. புரத்தில் ஒரு மாமி, "தொட்டா சுர்ருங்கறதே, இது ஷாக்கா? நீ புதுசா போட்ட டிஸ்க்னாலயா?" என்று கேட்டார். டிஸ்க் காரணமில்லை. அந்த பாயிண்ட்டில் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ் உள்ளே மின் இரைச்சலை வடிகட்ட லைவுக்கும் கேபினெட்டுக்கும் நடுவில், நியூட்ரலுக்கும் கேபினெட்டுக்கும் நடுவில் சின்னக் கெப்பாசிட்டர்கள் உண்டு. எர்த் இருந்தால் அதில் கசிவது மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் கேபினெட்டில் ஏறக்குறைய பாதி வோல்டேஜ் வந்து நிற்கும். கரண்ட் மிகக் கொஞ்சம் என்பதால் சுர்ரென்பதோடு நிற்கிறது. ஆனால் நாளைக்கு உள்ளே ஒரு லைவ் ஒயர் கேபினெட்டில் பட்டால் காப்பாற்ற எதுவும் இல்லை. மூன்று பின் பிளக்கில் பெரிய பின்தான் எர்த். அதை இரண்டு பின் அடாப்டரில் மாட்டியிருந்தால் அடாப்டரைத் தூக்கிப் போடுங்கள். நேராக மாட்டியும் சுர்ரென்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு லைவுக்கும் எர்த்துக்கும் இடையே அளக்கச் சொல்லுங்கள். அங்கே லைவுக்கும் நியூட்ரலுக்கும் இடையே வரும் வோல்டேஜே வர வேண்டும். இது சரியாகும் வரை அந்த கம்ப்யூட்டரில் எந்த பார்ட்டையும் மாற்றாதீர்கள்.

பட்டனை அழுத்தினால் ஒன்றுமே இல்லை

விளக்கு இல்லை, ஃபேன் இல்லை, சத்தம் இல்லை. இதுதான் மிகவும் பயமுறுத்தும், இதுதான் மிகச் சுலபமாகத் தீரும்.

எஸ்எம்பிஎஸ் பின்னால் உள்ள சின்ன சுவிட்ச் கோடு போட்ட பக்கம் அழுந்தியிருக்கிறதா பாருங்கள். வட்டம் போட்டது ஆஃப். வேலைக்கு முன் நாமே அணைத்துவிட்டு மறந்திருப்போம். அதே பாயிண்ட்டில் மொபைல் சார்ஜரைச் செருகிக் கரண்ட் வருகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால் மதர்போர்டின் ஓரத்தில் இருக்கும் 24 பின் கனெக்டரைப் பாருங்கள். ரேம் மாட்டும்போது கை பட்டு அது அரை மில்லிமீட்டர் தூக்கியிருந்தாலே போதும், எதுவும் நடக்காது. கிளிப் கொக்கி மாட்டும் வரை அழுத்துங்கள்.

அடுத்து, கேபினெட்டின் பவர் பட்டனிலிருந்து போர்டுக்கு வரும் இரண்டு ஒயர். போர்டு மாற்றியவர்கள் இதைத்தான் தவறாக மாட்டுவார்கள். எந்த இரண்டு பின் என்பது போர்டுக்குப் போர்டு கொஞ்சம் மாறும், புத்தகத்தில் படம் இருக்கும். பவர் சுவிட்ச் ஒயரை எந்தப் பக்கம் திருப்பி மாட்டினாலும் வேலை செய்யும், எல்இடி விளக்கு ஒயர் மட்டும் திசை பார்க்கும். சந்தேகம் இருந்தால் ஒயரைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டு பின்னை மட்டும் திருப்புளி நுனியால் ஒரு கணம் தொடுங்கள். ஆன் ஆனால் கெட்டது கேபினெட் பட்டன். பக்கத்துப் பின்னில் நுனி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்கும் அசையவில்லை என்றால் நன்றாக ஓடுகிற வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸைக் கடன் வாங்கி மாட்டிப் பாருங்கள். 24 பின்னில் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் கிளிப்பால் இணைத்துச் சோதிக்கும் முறை ஒன்று உண்டு. ஃபேன் சுற்றினால் பெட்டி ஆன் ஆகிறது என்று மட்டும்தான் அதிலிருந்து தெரியும், சுமை தாங்குமா என்று தெரியாது. அதை நான் அதிகம் நம்புவதில்லை.

ஒரு நொடி சுற்றி நின்றுவிடுகிறது

ஃபேன் ஒரு சுற்று சுற்றி நின்று, மறுபடி முயன்று, மறுபடி நின்றால், எங்கோ ஷார்ட் ஆவதை உணர்ந்து எஸ்எம்பிஎஸ் தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்காதீர்கள். பிளக்கை எடுத்துவிட்டு, கேபினெட்டை மெல்லச் சாய்த்துக் கீழே விழுந்த ஸ்க்ரூ உருள்கிற சத்தம் வருகிறதா கேளுங்கள். மதர்போர்டுக்கு அடியில் சிக்கிய ஒரு ஸ்க்ரூவை ஒன்றரை மணி நேரம் தேடியிருக்கிறேன்.

போர்டு மாற்றியிருந்தால் அடியில் நிற்கும் பித்தளைக் கால்களைப் பாருங்கள். பழைய போர்டு பெரிதாகவும் புதியது சின்னதாகவும் இருந்தால், புதியதில் ஓட்டை இல்லாத இடத்தில் ஒரு கால் நின்று போர்டின் பின்புறத்தை முட்டும். அதைக் கழற்றியே ஆக வேண்டும். அடுத்து, பிராசஸருக்குப் பக்கத்தில் போர்டின் மேல் மூலையில் இருக்கும் 8 பின் பவர். அது இல்லாவிட்டாலும் ஃபேன் சுற்றும், ஆனால் பிராசஸருக்கு உயிர் இருக்காது. கிராஃபிக்ஸ் கார்டுக்கும் 8 பின் கனெக்டர் உண்டு. பார்க்க ஒன்று போல இருந்தாலும் அதில் 12 வோல்ட்டும் எர்த்தும் எதிரெதிர் பக்கத்தில் இருக்கும். தப்பானது உள்ளே போகாதபடி முனைகளை வேறு மாதிரி செய்திருக்கிறார்கள். போகவில்லை என்றால் அழுத்தாதீர்கள், தப்பான ஒயரைத்தான் கையில் வைத்திருக்கிறீர்கள்.

ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு

வரும் அழைப்புகளில் இதுதான் அதிகம், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் மானிட்டர் கேபிள். டவர் கேபினெட்டின் பின்னால் மேலே செங்குத்தாக நிற்கும் போர்ட் வரிசை மதர்போர்டுடையது. அதற்குக் கீழே கிடையாக இருப்பது கிராஃபிக்ஸ் கார்டு. கார்டு மாட்டியிருந்தால் கேபிள் கார்டில்தான் போக வேண்டும். மயூர் விஹார் பையனுக்கு நடந்தது இதுதான். அப்புறம் மானிட்டர் மெனுவில் எந்த இன்புட் தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். பழைய கேபிள் விஜிஏ, புதியது எச்டிஎம்ஐ என்றால் மானிட்டர் தானாக மாறும் என்று நம்ப வேண்டாம்.

கார்டுக்குத் தனியாக பவர் தேவையா என்று பாருங்கள். மேல் விளிம்பில் 6 அல்லது 8 பின் துளை இருந்தால் அதில் ஒயர் போயே ஆக வேண்டும். பெரிய கார்டுகளில் வரும் 16 பின் கனெக்டர் என்றால் இன்னும் கவனம். 2022ல் ஆர்டிஎக்ஸ் 4090 வந்தபோது பலருடைய கனெக்டர் உருகியது, முழுதாக உள்ளே போகாத கனெக்டர்களும் அதற்கு ஒரு காரணம் என்று தெரியவந்தது. இடைவெளி கண்ணுக்குத் தெரியாத வரை அழுத்தி, பக்கத்திலேயே ஒயரை மடக்காமல் விடுங்கள்.

பிராசஸரிலேயே கிராஃபிக்ஸ் இருந்தால் கார்டைக் கழற்றிவிட்டு மதர்போர்டு போர்ட்டில் படம் வருகிறதா பாருங்கள். இன்டெல் பெயரின் கடைசியில் எஃப் என்று இருந்தால் கிராஃபிக்ஸ் கிடையாது. ஏஎம்டியின் ரைசன் 5000 வரிசையில் ஜி என்று முடிந்தால்தான் உண்டு. இல்லாத பிராசஸரில் இந்தச் சோதனை எப்போதும் கறுப்புத் திரைதான் காட்டும், அதைப் பார்த்து மனம் உடைய வேண்டாம்.

கார்டு இல்லை, ரேம்தான் மாற்றினோம் என்றால், எல்லா ரேமையும் எடுத்துவிட்டு ஒன்றை மட்டும் போடுங்கள். நாலு ஸ்லாட் உள்ள போர்டில் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது ஸ்லாட், இரண்டு ரேம் என்றால் இரண்டாவதும் நாலாவதும். ரேமின் வெட்டும் ஸ்லாட்டின் மேடும் ஒத்துப்போகிறதா பாருங்கள். டிடிஆர்4, டிடிஆர்5 என்ற ரேம் வகைகள் இரண்டிலும் 288 பின்தான், நீளமும் ஒன்றுதான், ஆனால் வெட்டு இருக்கும் இடம் வேறு. ஒன்றில் மற்றது போகாது. இரு முனையிலும் கட்டைவிரலால் நேராக அழுத்தினால் டக்கென்று பூட்டும். சில போர்டுகளில் ஒரு பக்கம் மட்டும்தான் பூட்டு, மறுபக்கம் டக் வராது என்பதற்காகக் கவலை வேண்டாம், ஆனால் அழுத்தம் இருபுறமும் வேண்டும். ரேமை மாட்ட நாம் நினைப்பதைவிட அதிக பலம் தேவை. பயந்து மெல்ல வைத்துவிட்டு மூடுவதுதான் பெரும்பாலான கறுப்புத் திரைகளுக்குக் காரணம்.

பழைய ரேமை மறுபடி மாட்டுகிறீர்களா? கோடையில் ஏர் கூலர் காற்று நேரே படும் இடத்தில் வைத்த கம்ப்யூட்டர்களில் ரேமின் தங்க விளிம்பில் மெல்லிய படலம் படிந்திருக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள். அழி ரப்பரால் தேய்ப்பது நம்மூரில் எல்லோரும் செய்வது. நான் விட்டுவிட்டேன். துகள் ஸ்லாட்டில் விழுகிறது, தங்கப் பூச்சும் தேய்கிறது.

டிடிஆர்5 போர்டு என்றால் ஒரு விஷயம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். புது ரேம் போட்ட முதல் முறை போர்டு அதைப் பழகிக்கொள்ள நேரம் எடுக்கும். சில நேரம் பல நிமிடங்கள் திரை கறுப்பாகவே இருக்கும். பொறுமை இழந்து நடுவில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஆன் செய்துவிட்டு ஒரு டீ போட்டுக் குடித்துவிட்டு வாருங்கள்.

இப்போது வரும் போர்டுகள் பலவற்றில் சிபியு (பிராசஸர்), டிராம் (ரேம்), விஜிஏ (கிராஃபிக்ஸ்), பூட் (விண்டோஸ் இருக்கும் டிஸ்க்) என்று நாலு சின்ன விளக்கு உண்டு. எது அணையாமல் நிற்கிறதோ அங்கே கோளாறு. புது பிராசஸர் போட்டு சிபியு விளக்கு நின்றால் பயாஸ் (போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க மென்பொருள்) பழையதாக இருக்கலாம். பி450 போர்டில் ரைசன் 5000, 600 வரிசை போர்டில் இன்டெல் 13, 14ஆம் தலைமுறை இவற்றுக்குப் புது பயாஸ் வேண்டும். பழைய பிராசஸரைத் திரும்ப மாட்டி பயாஸை ஏற்றிவிட்டு மாற்றுங்கள். பயாஸ் ஏறும்போது கரண்ட் போனால் போர்டே போகும், அதனால் யுபிஎஸ் இல்லாமல் அந்த வேலை வேண்டாம். கடைசியாக, பிளக்கை எடுத்துவிட்டு, வட்ட பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி வைத்து மாட்டுங்கள். பயாஸ் அமைப்புகள் பழைய நிலைக்குப் போகும், பல நேரம் இதிலேயே படம் வந்துவிடும்.

பதினாறு ஜிபி ரேம் போட்டேன், எட்டுதான் காட்டுகிறது

இரண்டு ரேமில் ஒன்று சரியாக உட்காரவில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியாக, ஒரே ஸ்லாட்டில் மாட்டிப் பாருங்கள். இரண்டும் ஓடினால் சந்தேகம் ஸ்லாட் மேல். பழைய ஆபீஸ் மெஷின்களில் எவ்வளவு போட்டாலும் 4 ஜிபிக்குள்ளேயே காட்டினால் விண்டோஸ் 32 பிட். ரேமில் குற்றமில்லை.

புது எஸ்எஸ்டி எங்கேயும் தெரியவில்லை

பயாஸில் தெரிகிறதா, விண்டோஸில் மட்டும் இல்லையா? இதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். பயாஸில் பெயர் வருகிறது என்றால் வன்பொருள் நலமாக இருக்கிறது. புது டிஸ்க் வெறும் மனை மாதிரி, பட்டா போட்டால்தான் விண்டோஸ் அதற்கு டி, இ மாதிரி ஓர் எழுத்து கொடுக்கும். டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்து, ஜிபிடி என்று தேர்ந்தெடுத்து இனிஷியலைஸ் செய்து, பார்ட்டிஷன் போடுங்கள். எம்பிஆர் தேர்ந்தெடுத்தால் 2 டிபிக்கு மேல் காட்டாது. இங்கே ஒரு எச்சரிக்கை: அதே பட்டியலில் உங்கள் பழைய டிஸ்க்கும் இருக்கும். அளவையும் பெயரையும் இரண்டு முறை படித்த பிறகே கிளிக் செய்யுங்கள். குழந்தைகளின் போட்டோ அதில்தான் இருக்கும்.

பயாஸிலேயே இல்லை என்றால், போர்டிலேயே செருகும் பட்டையான எம்.2 எஸ்எஸ்டியில் இரண்டு சாதி உண்டு: என்விஎம்இ, சாட்டா. பார்க்க ஒன்று போல இருக்கும், ஆனால் பல போர்டுகளின் ஸ்லாட் ஒன்றைத்தான் ஏற்கும். சில போர்டுகளில் எம்.2 போட்டால் ஹார்ட் டிஸ்க் கேபிள் மாட்டும் சாட்டா போர்ட்டில் ஒன்றிரண்டு செயலிழக்கும். புது எஸ்எஸ்டி வந்ததும் பழைய ஹார்ட் டிஸ்க் காணாமல் போனது என்றால் இதுதான். கேபிளை வேறு சாட்டா போர்ட்டுக்கு மாற்றினால் திரும்பி வரும். எம்.2 வைச் சாய்வாகச் செருகி, பிறகு படுக்கவைத்து, முனையில் அந்தப் பொடி ஸ்க்ரூவைப் போடுங்கள். மேலே ஹீட்சிங்க் (சூட்டை இழுக்கும் உலோகத் தகடு) இருந்தால் அதன் அடியில் உள்ள பிளாஸ்டிக் ஏட்டை உரித்துவிட்டு மூடுங்கள்.

சாட்டா டிஸ்க்குக்கு பவர் கொடுக்கும்போது நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை இப்போதும் பலர் செய்கிறார்கள். ஒயர்களைத் தனியாகக் கழற்றி மாட்டும் மாடுலர் எஸ்எம்பிஎஸ் மாற்றினேன். பழைய சாட்டா பவர் ஒயர் கேபினெட்டுக்குப் பின்னால் அழகாகக் கட்டப்பட்டிருந்தது. அதைப் பிரிக்க மனம் வராமல், அதையே புதுப் பெட்டியில் செருகினேன். துளை சரியாகப் பொருந்தியது. ஆன் செய்ததும் ஒரு டிஸ்க்கிலிருந்து சின்னப் புகை. பெட்டிப் பக்கம் எந்தப் பின்னில் எத்தனை வோல்ட் என்பதற்குப் பொதுவான விதி கிடையாது. கம்பெனிக்குக் கம்பெனி, ஒரே கம்பெனியில் மாடலுக்கு மாடல் கூட மாறும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனது. அந்த டிஸ்க் ஒரு நண்பருடையது, அவருடைய அப்பாவின் குரல் பதிவுகள் அதில் இருந்தன. பேக்கப் இல்லை. எஸ்எம்பிஎஸ் மாற்றினால் எல்லா ஒயரையும் மாற்றுங்கள். ஒன்றைக் கூட விட்டுவைக்காதீர்கள். டிஸ்க் இருக்கும் கேபினெட்டில் கை வைக்கும் முன் பேக்கப் எடுத்துவிடுங்கள்.

விண்டோஸ் நீல நிறத்தில் 48 இலக்க எண் கேட்கிறது

போர்டு மாற்றினாலோ சில நேரம் பயாஸ் ஏற்றினாலோ விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் விழித்துக்கொள்ளும். டிஸ்க் கெடவில்லை, பூட்டியிருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருந்தால் அந்த எண் பெரும்பாலும் அந்தக் கணக்கில் சேமிப்பாகியிருக்கும், மொபைலில் திறந்து பார்க்கலாம். போர்டு மாற்றும் முன்பே அதைப் பார்த்துக் காகிதத்தில் எழுதிவைப்பது நல்லது. அந்த எண் எங்கும் இல்லாவிட்டால் உள்ளே இருப்பதை யாராலும் எடுக்க முடியாது, எடுத்துத் தருகிறேன் என்று பணம் கேட்பவரை நம்ப வேண்டாம்.

பத்து நிமிடத்தில் சூடாகி அணைகிறது

பிராசஸரையோ அதன் மேல் உட்காரும் கூலரையோ கழற்றி மாட்டியிருந்தால், கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஏட்டை எடுத்தீர்களா? எடுக்காமல் மாட்டியவர்கள் நிறைய. இரண்டுக்கும் நடுவில் சூட்டைக் கடத்தப் பூசும் பழைய பேஸ்ட்டை முழுதாகத் துடைத்து, பட்டாணி அளவு புதியது வைத்தால் போதும். கூலர் ஃபேன் ஒயர் சிபியு ஃபேன் என்று எழுதிய பின்னில் இருக்க வேண்டும். வேறு இடத்தில் இருந்தால் ஃபேன் சுற்றினாலும் ஆன் ஆகும்போது ஃபேன் பிழை என்று காட்டி நிற்கும். பயாஸில் சூடு பார்க்கலாம். சும்மா இருக்கும்போதே 80, 90 டிகிரி என்றால் கூலர் பிராசஸரைத் தொடவே இல்லை. இன்டெல்லோடு வரும் கூலரின் நாலு காலையும் பின்பக்கம் பார்த்துச் சோதியுங்கள், ஒன்று மேலே தூக்கியிருக்கும்.

ரைசனின் ஏஎம்4 சாக்கெட் பிராசஸர்களில் கூலரைக் கழற்றுவது தனிக் கலை. பேஸ்ட் காய்ந்திருந்தால் கூலரோடு பிராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு வரும், பின் வளையும். பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, பிளக்கை எடுத்து, கூலரை இடம் வலமாக மெல்லத் திருகி, ஒட்டு விட்ட பிறகே தூக்குங்கள். ஏஎம்5, இன்டெல் இவற்றில் பின் சாக்கெட்டில் இருக்கும். அதன் மேல் விரல், பஞ்சு, எதுவும் படக்கூடாது.

ஒன்றும் மாற்றாமலே சூடாகிறது என்றால் டெல்லித் தூசி. மே, ஜூன் ஆந்தி (புழுதிப் புயல்) அடித்த ஒரு வாரத்தில் ஹீட்சிங்க் இடுக்குகள் கம்பளி போல அடைந்துவிடும். பால்கனியில் வைத்து புளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அளவுக்கு மீறிச் சுற்றி பேரிங் போய்விடும். வீட்டு வாக்வம் கிளீனர் குழாயை உள்ளே விடாதீர்கள், அது நிலைமின்சாரத்தைக் கிளப்பும்.

கேம் விளையாடும்போது மட்டும் பட்டென்று அணைகிறது

சாதாரண வேலையில் சரி, கேம் தொடங்கினால் அணைந்துவிடும். அப்படியானால் மின்சாரம் போதவில்லை. ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு மட்டும் 170 வாட் கேட்கும், அதற்குத் தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் எஸ்எம்பிஎஸ் 550 வாட். ஐந்து வருடத்துக்கு முன் கேபினெட்டோடு இலவசமாக வந்த பெட்டியில் 450 என்று எழுதியிருந்தாலும் 12 வோல்ட் லைனில் எவ்வளவு தருகிறது என்று அதன் ஸ்டிக்கரில் பாருங்கள், பல நேரம் மிகக் குறைவாக இருக்கும்.

எஸ்எம்பிஎஸ் நல்லதாக இருந்தும் இப்படி ஆனால் யுபிஎஸ்ஸைச் சந்தேகியுங்கள். வீடுகளில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் சுமார் 360 வாட்தான் தாங்கும். கம்ப்யூட்டரை ஒரு நாள் நேராகச் சுவரில் மாட்டி விளையாடிப் பாருங்கள். அணையவில்லை என்றால் காரணம் யுபிஎஸ். கரண்ட் போகும்போது மட்டும் வீட்டு இன்வெர்ட்டரில் அணைகிறது என்றால், இன்வெர்ட்டர் பின்னால் யுபிஎஸ் மோட் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள், பல மாடல்களில் உண்டு.

முன்பக்க யுஎஸ்பி வேலை செய்யவில்லை

யுஎஸ்பி 2.0 ஒயர், ஆடியோ ஒயர் இரண்டும் 9 பின். யுஎஸ்பியில் ஒரு மூலைப் பின் இருக்காது, ஆடியோவில் மூலைக்கு முந்தைய பின் இருக்காது. சின்ன வித்தியாசம்தான், அழுத்தினால் ஒன்றில் மற்றது போய்விடும், யுஎஸ்பி கருகும். ஒயரில் எழுதியிருப்பதையும் போர்டில் எழுதியிருப்பதையும் டார்ச் அடித்துப் படித்துவிட்டு மாட்டுங்கள்.

ஆன் செய்யும்போதெல்லாம் தேதி பின்னால் போகிறது

சிஆர் 2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. மருந்துக்கடையிலும் கிடைக்கும். தேதி தவறாக இருந்தால் பேங்க் தளங்கள் கூடப் பாதுகாப்பில்லை என்று காட்டும், அதற்காக விண்டோஸ் புதிதாகப் போட வேண்டாம்.

கருகிய வாசனை

உடனே பிளக். பட்டனைத் தேட வேண்டாம், சுவர் சுவிட்சை அணைத்து பிளக்கை உருவுங்கள். இன்னொரு முறை ஆன் செய்து பார்த்தால் ஒன்று போனது மூன்றாகும். ஆறவிட்டு, எந்த இடத்தில் வாசனை அதிகம் என்று மூக்கை வைத்துத் தேடுங்கள். எஸ்எம்பிஎஸ் என்றால் மாற்றுங்கள். போர்டு என்றால் நீங்களே தொடர வேண்டாம்.

பார்ட்டைத் திருப்பிக் கொடுக்க நேரு பிளேஸ் போகிறீர்கள் என்றால் ஞாயிறு போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். பில், பெட்டி, உள்ளே வந்த பை எல்லாம் எடுத்துப் போங்கள். சீரியல் நம்பர் ஸ்டிக்கரைப் பிய்க்காதீர்கள். எதனோடு மாட்டினீர்கள், எந்த விளக்கு எரிந்தது, வேறு எந்த கம்ப்யூட்டரில் சோதித்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் கவுன்டரில் அரை மணி நேரம் மிச்சம். மதர்போர்டு என்றால், வாங்கும்போது சாக்கெட் மேல் இருந்த கறுப்பு பிளாஸ்டிக் மூடியைத் தேடி எடுத்து, மறுபடி மாட்டிக் கொண்டு போங்கள். அது இல்லாமல் போகும் வழியில் மெட்ரோ கூட்டத்தில் ஒரு பின் வளைந்தாலும், வாரண்டி இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.